வேன் கண்ணாடியில் பத்துப் பெயர்கள்

திங்கட்கிழமை காலையில் கரங்கான் சந்திப்பில் ஒரு வெள்ளை வேன் திரும்பினால், அதன் பின்னாலேயே நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் ஒட்டிக்கொண்டு போகும். தொழிற்சாலைக்குப் போகிறவர், செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர், எல்லோரும் கழுத்தை நீட்டி அந்த வேனின் பின்கண்ணாடியைப் படித்துக்கொண்டே போவார்கள். ஒருமுறை ஒருவன் படித்த மும்முரத்தில், வேன் நின்றது தெரியாமல் போய் பம்பரில் முட்டினான். வேனை ஓட்டிய அக்கா இறங்கி வந்து அவன் கையையும் காலையும் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கேட்டார்:

"எந்த டீம்டா நீ?"

"பாடாங் செராய், அக்கா."

"ஆறாவதுல இருக்கீங்க. அதுக்குப் போயி சாவணுமா?"

கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது ஒரு வெள்ளைத் தாள்தான். கறுப்பு மார்க்கரில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர். காரணம் எதுவும் எழுதியிருக்காது. போன வாரம் மூன்றாவதாக இருந்தவர்கள் இந்த வாரம் ஏன் ஐந்தாவது என்று தெரிய வேண்டுமானால் வேனுக்குள் ஏற வேண்டும். ஏறினாலும் அவருக்குப் பேசத் தோன்றினால்தான் பேசுவார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் கூலிம் தொழிற்சாலைக்கு ஆறு வருடம் அந்த வேனில் போய் வந்ததில், ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் வேனக்கா. ஐம்பதைத் தொட்ட வயது. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. தலையில் ஏதோ உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி. வெயிலுக்காகப் போடுவதாகச் சொல்வார். காலை ஐந்தரை மணிக்கு ஏது வெயில் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

எதையும் வரிசைப்படுத்தாமல் அவரால் இருக்க முடியாது. அதுதான் அவர். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால், அந்த வருடம் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடுகளில் இது நான்காவது என்பார். சுங்கை பட்டாணியில் அவர் போய் வந்த பல் மருத்துவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் வலிக்காமல் பல்லைப் பிடுங்கிவிட்டதால் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு ஏறினார். அந்த மருத்துவருக்கு இன்றுவரை அது தெரியாது. வேனில் ஏறும் எங்களையும் விட்டுவைக்கவில்லை. நேரத்துக்கு வந்து நிற்கிறவன், மழையில் செருப்பைத் தட்டிவிட்டு ஏறுகிறவன், சத்தமில்லாமல் தூங்குகிறவன் என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் முதலாவதாக வருகிறவருக்கு முன் இருக்கை. ஆறு வருடத்தில் எனக்கு அந்த இருக்கை இரண்டு முறை கிடைத்தது. இரண்டு முறையும் என் மனைவி அதை நம்பவில்லை.

கரங்கானில் ரொட்டி சானாய் போடும் கடைகள் மூன்று உண்டு. அதில் ஒரு கடைக்காரர், தான் இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டதைக் கேள்விப்பட்டு, ஒருநாள் காலை நான்கு ரொட்டியும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வேனுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, சாப்ட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க லா. மாவு மாத்தியிருக்கேன்."

வேனக்கா பொட்டலத்தைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "இப்ப நீங்க நாலாவது."

"அலாமாக்! ஊர்ல கடையே மூணுதானே அக்கா?"

"அதான் யோசிங்க."

அடுத்த மாதம் வேனக்கா பாட்டுக்குக் கடையில் போய் உட்கார்ந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டு, கடைக்காரரை மறுபடியும் இரண்டாவதாக்கினார். வேனக்காவிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரையும் ஓரிடத்தில் ஆணியடித்து வைக்க மாட்டார். போன வாரம் ஒருவனை மோசம் என்று சொன்னவர், இந்த வாரம் அவன் நன்றாக ஆடினால் கொஞ்சமும் கூச்சப்படாமல் மேலே ஏற்றிவிடுவார். "போன வாரம் அப்படிச் சொன்னீங்களே அக்கா" என்றால், "போன வாரம் போன வாரந்தான்" என்பார்.

காற்பந்துப் பட்டியல் அவர் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் தோட்டங்களும் பட்டணங்களுமாகப் பத்து அணிகள் சனி, ஞாயிறுகளில் ஆடி வந்தோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஷிஃப்ட் ஒத்துவராது, மழை பெய்தால் திடல் குளமாகிவிடும். அதனால் எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியாது. ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் ஆறேழு ஆட்டங்கள் கிடைத்தால் பெரிது. ஆண்டின் இறுதியில் நான்கு அணிகளை மட்டும் சுங்கை பட்டாணிக்கு அழைத்துக் கிண்ணத்துக்கு ஆட விடுவார்கள். அந்த நான்கு அணிகள் யார் என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை. ஐந்து ஆட்டத்தில் ஜெயித்தவனா பெரியவன், பலமான அணிகளோடு மோதி மூன்றில் ஜெயித்தவனா பெரியவன்? ஒரு வருடக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் இரும்புக்கடை வைத்திருப்பவர். நாற்காலி அவர் காதை உரசிக்கொண்டு போனது. மறுநாளே அவர் வேனக்காவைத் தேடிப் போய், வாராவாரம் பட்டியல் எழுதித் தரச் சொன்னார்; கடைசிப் பட்டியலின் முதல் நான்கு அணிகள் கிண்ணத்துக்கு ஆடும். சனி, ஞாயிறுகளில் வேனை எடுத்துக்கொண்டு திடல் திடலாகப் போய்ப் பந்து பார்க்கிற ஒரே ஆள் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும்.

"எழுதறேன். ஆனா திங்கக்கெழமைக்கு முன்னால எவனும் என்கிட்ட கேக்கக்கூடாது. எந்த டீம் கூடாரத்துலயும் நான் பசியாற மாட்டேன்" என்றார் வேனக்கா. தலைவர் இரண்டுக்கும் தலையாட்டினார். அவர் இன்னும் காதைத் தடவிக்கொண்டுதான் இருந்தார்.

நான் கரங்கான் அணியின் இடது பின்காவல் ஆட்டக்காரன். அதனால் வேனக்கா என்னை "லெஃப்ட் பேக்கு" என்றுதான் கூப்பிடுவார். கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லும்போது அது பாராட்டா, திட்டா என்று தெரியாது.

ஒருமுறை நாங்கள் ஓர் அணியை ஐந்துக்குப் பூஜ்யம் என்று துவைத்தெடுத்தோம். திங்கட்கிழமை கண்ணாடியைப் பார்த்தால் நான்காவதிலிருந்து ஐந்தாவதற்கு இறங்கியிருக்கிறோம். எங்களைத் தாண்டி நான்காவதாக ஏறிய புக்கிட் செலம்பாவ் அணியோ அந்த வாரம் தோற்றிருந்தது! வேனில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இது என்னா நியாயம்? நாங்க அஞ்சு கோல் போட்டிருக்கோம்."

"யாருக்குப் போட்டீங்க?"

நான் ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஒம்போது பேரோட வந்தானுங்க. கோல்கீப்பருக்குக் காய்ச்சல், க்ளினிக்ல படுத்திருக்கான். கோல்ல நின்னது அவனுங்க டிரைவரு. அந்த ஆளுக்கு அறுவது வயசு. அவருக்கு அஞ்சு போட்டுட்டு வந்து என்கிட்ட கணக்குக் கேக்கறியா?"

"புக்கிட் செலம்பாவ் தோத்துட்டாங்களே அக்கா."

"யார்கிட்ட? கூலிம்கிட்ட. மொத எடத்துல இருக்கறவங்க. அதுவும் ரெண்டுக்கு ஒண்ணு. கடைசி நிமிசம் வரைக்கும் கூலிம்காரனுக்கு வேர்த்துச்சு. தோக்கறது தப்பு இல்ல, லெஃப்ட் பேக்கு. யார்கிட்ட எப்படித் தோத்தேங்கறதுதான் கேள்வி."

பின்னிருக்கைப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

புக்கிட் செலம்பாவ் அணியின் பயிற்சியாளர் வேனக்காவின் உடன்பிறந்த தம்பி. அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தம்பி அணியை அக்கா தூக்கிவிடுகிறார் என்று நீங்கள் நினைத்தால், அந்த இரண்டுக்கு ஒன்று ஆட்டத்துக்குப் பிறகு ஏற்றிவிட்ட ஒரே ஓர் இடத்தைத் தவிர, நடந்ததெல்லாம் தலைகீழ். மற்றவர்கள் ஜெயித்தால் ஓரிடம் ஏறுவார்கள். தம்பி அணி ஜெயித்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றவர்கள் தோற்றால் ஓரிடம் இறங்குவார்கள். தம்பி அணி இரண்டிடம் இறங்கும். ஒருநாள் பெட்ரோல் நிலையத்தில் வேனுக்குப் பக்கத்தில் தன் லோரியை நிறுத்திவிட்டு அவர் எங்களிடம் சொன்னார்: "ஊருக்கெல்லாம் இவங்க அக்கா. எனக்கு மட்டும் ரெஃப்ரி."

வேனக்கா பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டே, "ரெஃப்ரிகிட்டப் பேசக்கூடாது. போ" என்றார்.

அந்த வருடம் கடைசி வாரத்துக்கு முன்பு பட்டியல் இப்படி இருந்தது. கூலிம் முதலாவது, சுங்கை பட்டாணி இரண்டாவது, பாலிங் மூன்றாவது, புக்கிட் செலம்பாவ் நான்காவது. நாங்கள் ஐந்தாவது. கடைசி இடத்தில் கோலா கெடா. அது மீன்பிடிப் படகுகளில் வேலை செய்கிறவர்களின் அணி. பாதிப் பேர் கடலிலிருந்து நேராகத் திடலுக்கு வருவார்கள். ஓர் ஆட்டத்திலும் அவர்கள் ஜெயித்ததில்லை. அந்த அணியோடு பருவத்தின் தொடக்கத்தில் நாங்கள் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்திருந்தோம். எங்களை ஐந்தாவதில் கட்டிப்போட்டிருந்தது அந்த அவமானம்தான். "கோலா கெடாகூட டிரா பண்ணவங்கள நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சுங்கை பட்டாணிக்கு அனுப்பறது?" என்று வேனக்கா கேட்பார்.

கடைசி வாரம் சனிக்கிழமை கோலா கெடாவில் கூலிமோடு ஆட்டம். எங்கள் ஆட்டம் மறுநாள்தான் என்பதால் நானும் எங்கள் அணித் தலைவன் பாலனும் வேனக்காவோடு வேனிலேயே போனோம். ஒன்றரை மணி நேர ஓட்டம். மீன் சந்தையைத் தாண்டித் திடலுக்குப் போனபோது லங்காவித் தீவுக்குப் போகும் படகு ஊதிக்கொண்டு கிளம்பியது. கூலிம்காரர்கள் புது ஜெர்சியில், புது பூட்ஸில் இறங்கினார்கள். கோலா கெடா ஆட்டக்காரர்களில் ஒருவன் ஐஸ் உடைக்கிற வேலையை அப்போதுதான் முடித்துவிட்டு, ஈரக் காற்சட்டையோடு வந்து நின்றான்.

அந்த ஈரக் காற்சட்டைக்காரன் இரண்டு கோல் போட்டான். கூலிமால் ஒன்றுதான் திருப்ப முடிந்தது.

விசில் அடித்ததும் கோலா கெடா ஆட்டக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயித்துப் பழக்கமில்லை, பாவம். அவர்களுக்குப் பதிலாக நானும் பாலனும்தான் வேலிக்கு வெளியே கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

வேனக்கா எங்களை விநோதமாகப் பார்த்தார். "அவனுங்க ஜெயிச்சா நீங்க ஏன்டா குதிக்கிறீங்க?"

பாலன் மூச்சு வாங்கச் சொன்னான்: "அக்கா, கூலிமயே ஜெயிச்ச டீமோடதானே நாங்க டிரா பண்ணோம்! இப்ப அது நல்ல டிரா ஆயிடுச்சில்ல?"

வேனக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கில் விரலால் எதையோ எண்ணிக்கொண்டே ஓட்டினார். அவர் மனதுக்குள் பத்து ஊர்களும் இடம் மாறிக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. கூலிமை மட்டும் தொட்டால் போதாது. கூலிமிடம் போராடித் தோற்றதால் மதிப்புப் பெற்ற புக்கிட் செலம்பாவுக்கும் இப்போது அந்த மதிப்பு கொஞ்சம் குறைந்தாக வேண்டும். நாங்கள் காலால் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் மேலே போய்க்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் திடலில் பாடாங் செராயோடு ஆட்டம். அதே நேரத்தில் புக்கிட் செலம்பாவிலும் ஆட்டம். வேனக்கா அங்கே போய்விட்டார். அவர் பார்க்க முடியாத ஆட்டங்களுக்கு ஒவ்வோர் அணியிலும் ஓர் ஆளை வைத்திருந்தார். சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணி மூன்று கேள்விகள் கேட்பார். எங்கள் அணியில் அந்த ஆள் நான்.

பாலன் போட்ட ஒரே கோலில் நாங்கள் முன்னால் இருந்தோம். முடிய இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கும்போது பாடாங் செராய் அடித்த பந்து எங்கள் கோல்கீப்பரைத் தாண்டி உருண்டது. நான் பின்னால் ஓடிச் சறுக்கி, பந்தை வெளியே தட்டிவிட்டேன். என் கால் பட்டபோது பந்து கோட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தது. வெள்ளைக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் புல் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நடுவர் தூரத்தில் வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடி வந்து கொண்டிருந்தார். ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டினார். பாடாங் செராய்க்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு கத்தினார்கள். நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

"யாரு யாரு ஆடுனாங்க?" சொன்னேன்.

"எப்படி ஆடுனீங்க?" சொன்னேன்.

"என்கிட்ட சொல்ல வெக்கப்படற மாதிரி எதாச்சும் நடந்துச்சா?"

ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்விதான் அது. வழக்கமாக அதற்குச் சிரித்துவிடுவேன். அன்றைக்கும் சிரித்தேன். "இல்லக்கா."

"சரி" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கண்ணாடியில் சுங்கை பட்டாணி முதலாவதாக இருந்தது. பாலிங் இரண்டாவது. கூலிம் மூன்றாவதற்கு இறங்கியிருந்தது. நான்காவது கரங்கான். புக்கிட் செலம்பாவ் ஐந்தாவது. கோலா கெடா ஒரே தாவலில் எட்டாவதற்கு வந்திருந்தது. பாலன் மோட்டார் சைக்கிளில் வேனைக் கூலிம் எல்லை வரை துரத்திக்கொண்டு வந்து, ஹார்ன் அடித்து, கையை விட்டு ஓட்டினான். வேனுக்குள் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வேன் எங்களை ஏற்றிக்கொண்டு நின்றபோது வேனக்காவின் தம்பி லோரியில் வந்து இறங்கினார். வேனில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சண்டை பார்க்க ஆசைதான். புக்கிட் செலம்பாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்திருந்தது. கேட்பதற்கு அவருக்கு நியாயம் இருந்தது.

அவர் கேட்கவில்லை. ஜன்னலில் கை வைத்து, "சரியாத்தான் போட்டிருக்கே, அக்கா" என்றார். "கூலிம்கிட்ட நாங்க நல்லா ஆடுனோம்னு இவ்வளவு நாளு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தோம். இப்ப அதச் சொல்ல முடியல. கரங்கான்காரனுங்க ஜெயிச்சிருக்கானுங்க. போவட்டும் லா."

வேனக்கா தலையை மட்டும் ஆட்டினார். லோரி போனது. வேனக்கா சாவியைத் திருகிக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்."

கரங்கானில் கடைசியாக இறங்குகிறவன் நான். மற்ற எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, அந்தப் பந்து கோட்டத் தாண்டிருச்சு."

அவருக்கு எந்தப் பந்து என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பாடாங் செராய்க்காரர்கள் நடுவரிடம் கத்தியது எப்படியும் அவர் காதுக்கு வந்திருக்கும். "எவ்வளவு?" என்று கேட்டார்.

விரல்களை விரித்துக் காட்டினேன். "ஒரு சாண்."

"முழுப் பந்தும் தாண்டிருச்சா?"

"முழுசா."

"ஞாயித்துக்கெழம கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் இறங்கிப் போய், பின்கதவைத் திறந்து, கண்ணாடியிலிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஸ்டியரிங்கின் மேலேயே புதுத் தாளை வைத்து எழுதினார். நான்காவது புக்கிட் செலம்பாவ், ஐந்தாவது கரங்கான். வாரத்தின் நடுவில், செவ்வாய்க்கிழமையில், அவர் பட்டியலை மாற்றியது அந்த ஒரு முறைதான்.

"அக்கா, ஏன் மாத்துனீங்கன்னு கேப்பாங்களே."

"தப்பா எழுதிட்டேன்னு சொல்லுவேன்."

"எம் பேரு?"

"உம் பேர நீயே சொல்லிக்கோ. அது என் வேலை இல்ல." தாளை ஒட்டிவிட்டுத் திரும்பியவர், "இந்த வாரம் வேன்ல நீ பன்னெண்டாவது" என்றார்.

"பதினோரு பேருதானே அக்கா வரோம்?"

"தெரியும்."

அன்று சாயங்காலமே பாலனிடம் சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை. என் ஜெர்சியைத் திருப்பித் தரச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அவனைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாலனும் வெளியில் சொல்லவில்லை. சொன்னால் அணிக்குத்தானே கெட்ட பெயர். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: திங்கட்கிழமை எழுதியதை, தம்பி வந்து பேசிவிட்டுப் போனதும், செவ்வாய்க்கிழமை அக்கா மாற்றிவிட்டார்.

வியாழக்கிழமை காலை வேனின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: 'தம்பி லிஸ்ட்'. சரியாகப் பட்டியலுக்கு மேலேயே, தலைப்பு மாதிரி. நாங்கள் ஏறும்போது எல்லோரும் பார்த்தோம். வேனக்காவும் பார்த்திருப்பார். ஒரு துணியை எடுத்து நானே துடைத்துவிடலாம் என்று போனேன்.

"விடு" என்றார். "வண்டி கழுவறது ஞாயித்துக்கெழமதான்."

அன்று முழுவதும் அந்த எழுத்தோடு அவர் கூலிமுக்கும் கரங்கானுக்கும் ஓட்டினார். வருடக்கணக்காகத் தம்பிக்கு ஒரு பிடி அதிகம் விழாமல் பார்த்துக்கொண்டவர், தம்பிக்குக் கூடுதலாக வைத்தவர் என்ற பெயரைக் கண்ணாடியில் சுமந்துகொண்டு போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு வேனில் எதற்கும் அவர் இடம் போடவில்லை. வழியில் ஒருத்தி புதுக் கடையில் வாங்கிய வடையைக் கொடுத்தாள். தின்றார். எத்தனையாவது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை சந்தைப் பக்கம் இருக்கிற கோப்பிக் கடைக்குப் போனேன். எங்கள் அணிக்காரர்கள் எல்லோரும் பசியாறிக்கொண்டிருந்தார்கள். மற்ற மேசைகளிலும் ஆட்கள். நின்றபடியே சொன்னேன். பந்து எவ்வளவு தாண்டியது, போனில் அக்கா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும். முடித்ததும் கடைக்காரர் பால் சேர்க்காத ஒரு தேநீரை மேசையில் வைத்து, "உக்காரு, தே ஓ குடி" என்றார். பாலன் எழுந்து போனான். அவன் என்னிடம் திரும்பி வருவதற்கு இரண்டு வாரம் ஆனது. வந்தபோது ஜெர்சியைக் கொண்டு வந்திருந்தான்.

கிண்ண ஆட்டத்துக்கு வேனக்கா என்னை அழைத்தார். பாதி வேன் காலி, வா என்றார். சுங்கை பட்டாணியில் முதல் ஆட்டமே புக்கிட் செலம்பாவுக்கும் சுங்கை பட்டாணிக்கும். வேனைத் திடலின் மூலையில் நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். அத்தனை வருடங்களில் ஆட்டத்தின்போது அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கோல் விழுந்தாலும் கை தட்ட மாட்டார். பட்டியல் எழுதுகிறவர் கை தட்டக்கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட சட்டம்.

அரைமணி நேரத்துக்குள் புக்கிட் செலம்பாவ் இரண்டு கோல் வாங்கிவிட்டது. பக்கத்தில் ஏதோ நெளிகிற மாதிரி இருந்தது. பார்த்தால் வேனக்கா இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார்.

"லெஃப்ட் பேக்கு, இதுக்கப்புறம் நான் லிஸ்ட் எழுத வேண்டியதில்லல்ல?"

"இல்லக்கா. வருசம் முடிஞ்சது."

தொப்பியைக் கழற்றி டேஷ்போர்டில் எறிந்தார். வேனிலிருந்து இறங்கிக் கோட்டோரமாக நடந்தார். நடை ஓட்டமானது. "டேய்! ரைட்ல ஆளப் போடுடா! ரைட்ல எவனுமே இல்ல பாரு!" அந்தக் குரல் அவருடையது என்று புரிய எனக்கே சற்று நேரமானது. தம்பி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆட்டக்காரர்களும் திரும்பிப் பார்த்ததில் சுங்கை பட்டாணி மூன்றாவது கோலையும் போட்டுவிட்டது. வேனக்கா நிறுத்தவில்லை. நடுவரைத் திட்டினார். வெயிலைத் திட்டினார். தம்பியின் அணி அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது தலையில் அடித்துக்கொண்டார். கூடாரத்தில் இருந்த இரும்புக்கடைத் தலைவர், நாற்காலி ஏதும் வருமோ என்று காதில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

நான்குக்குப் பூஜ்யம். விசில் அடித்ததும் தம்பி நேராக அக்காவிடம் வந்தார். வியர்வையோடு வந்து எதிரில் நின்றார்.

"நீ கத்துனது அந்தக் கோடி வரைக்கும் கேட்டுச்சு அக்கா."

"கேட்டுமா ரைட்ல ஆளப் போடல?" குரல் கரகரத்துக் கிழிந்திருந்தது.

"ரைட் சைடு ஆடறவனுக்கு இன்னைக்கு வேல. வரல. போட எங்ககிட்ட ஆளே இல்ல."

வேனக்கா இடுப்பில் கை வைத்துத் திடலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னா? நானே எறங்கியிருப்பேனே!"

சொல்லி முடிப்பதற்குள் குரல் முழுவதும் போய்விட்டது. தம்பி சிரித்துக்கொண்டே தன் தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தார். அக்கா அங்கேயே கோட்டின் மேல் நின்று, அதை ஒரே மூச்சில் குடித்தார்.